எஞ்சினை யார் இறக்குவது

அந்த எஞ்சின் இப்போது ஓடுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை அதையே நினைத்துக்கொண்டு படிப்பீர்கள். காலையில் கொஞ்சம் புகை கக்கும், பக்கத்து வீட்டம்மா ஜன்னலைச் சாத்துவார், அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வண்டியைப் பற்றி இல்லை. என் வீட்டுக்காரரின் வலது கையைப் பற்றி.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான் என்றாலும், கிரிக்கெட் வர்ணனையும் கூடவே திரும்பி வந்துவிட்டது. நடையும் வந்தது. வலக்கை விரல்கள் மட்டும் வரவில்லை. தம்ளரைப் பிடிக்கும். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழும். அதனால் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழகினார், அதுவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு. கொள்ளேகாலில் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போனபோது, இலை போட்டதும் பசியில்லை என்று எழுந்து போய்விட்டார். பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து ரசத்தை மறுபடி கேட்டு வாங்குகிற மனுஷன். மண்டபத்துக்கு வெளியே நாங்கள் வந்த வேனுக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு டப்பாவில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று வந்த கோபம் யார் மேல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

விரலுக்கு வேலை கொடுத்தால் பிடிப்பு வரும் என்று டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். நான் பார்த்தால் அமுக்குவார். அடுப்படிக்குப் போனால் பந்து சோபாவுக்கு அடியில் கிடக்கும்.

இவருடைய பழைய மோட்டார் சைக்கிள் போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்குள் நின்றது. இந்த மைசூரிலேயே செய்த வண்டி. செய்த தொழிற்சாலை மூடி எவ்வளவோ காலமாகிறது. உதைத்து ஸ்டார்ட் செய்கிற கம்பியையே முன்னால் மடக்கினால் கியர் ஆகிவிடும், அப்படி ஒரு விசித்திரம். இவர் ஆபீசில் ஃபைல் பார்த்தவர், மெக்கானிக் இல்லை. ஆனால் அந்த எஞ்சினை வேறு யாரும் திறக்க விட்டதில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாவற்றையும் பிரித்துப் பேப்பரில் பரப்பிவிடுவார். நான் தாண்டித் தாண்டித்தான் கோலம் போடப் போவேன்.

மழை விட்ட பிறகு ஒருநாள், தெருமுனை மெக்கானிக்கை நான்தான் கூப்பிட்டேன். வண்டிச் சத்தம் கேட்டாலாவது இவர் முகம் தெளியும் என்று நினைப்பு. அவர் கம்பியை உதைத்தார். அது இறங்கவே இல்லை. நின்று நின்று பிஸ்டன் பிடித்துக்கொண்டது, எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், தன் கடைக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். பிஸ்டன் ஓடுகிற பிளாக் இந்த வண்டிக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு, தெரியாதவர்கள் தட்டி உடைத்துவிட்டால் அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும் என்றும் சொன்னார். நல்ல மனுஷர், வேலையும் தெரிந்தவர்.

நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த இவர், மெக்கானிக் போன பிறகு, "கொடுத்துடு. ரிப்பேர் பண்ணி அவனே வெச்சுக்கட்டும்" என்றார். தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரோ மறந்துவிட்டுப் போன சாமானை எடுத்து வைப்பதுபோல இருந்தது.

கடைக்கு அனுப்பினால் வண்டி சரியாகிவிடும், இவர் அந்த நாற்காலியிலேயே இருப்பார். வீட்டிலேயே பிரித்தால் இவர் எழுந்திருக்கலாம், ஆனால் வண்டி போய்விடலாம். கையும் போய் வண்டியும் போனால் அப்புறம் இவரிடம் என்னத்தைக் காட்டி இன்னொரு நாளைக்கு எழுப்புவது? பெங்களூரில் இருக்கிற மகளிடம் போனில் கேட்டேன். உனக்கென்ன பைத்தியமா என்றாள். என்னைப் பெற்றவள்கூட அப்படிக் கேட்டதில்லை. நாலைந்து நாள் எதைச் செய்தாலும் இதே யோசனை. சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். கடைசியில் என்னை முடிவெடுக்க வைத்தது அந்தப் பந்துதான். பெருக்கும்போது சோபாவுக்கு அடியிலிருந்து தூசியும் முடியும் ஒட்டிக்கொண்டு வந்தது. எத்தனை நாளாக அங்கே கிடந்ததோ.

பந்தைக் கழுவி வைத்துவிட்டு நேரே போர்ட்டிகோவுக்குப் போனேன். "ஏனுங்க, கடைக்கெல்லாம் வேண்டாமுங்க. நாமளே இறக்கிப் போடலாம். நீங்க சொல்லுங்க, நான் கழட்டறேன்" என்றேன்.

சிரித்தார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு, அதுவும் என்னைக் கேலி செய்ய. "உனக்கு ஸ்பேனரே பிடிக்கத் தெரியாது கணே. சும்னே எதுக்கு?" என்றார். 'சும்னே' என்றால் சும்மா; 'கணே' என்பது கன்னடத்தில் பெண்டாட்டியைச் செல்லமாகக் கூப்பிடும்போது ஒட்டிக்கொள்கிற சொல். இவர் தமிழில் பாதி கன்னடம்தான். அந்தக் 'கணே'யை நான் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, வண்டி உடைந்தாலும் சரி, கடைக்கு அனுப்பப்போவதில்லை என்று.

பிளக் ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம். தினமும் காலையில் பல் விளக்குமுன் போய்ப் பார்ப்பார். ஒருநாள் நான் கம்பியை மிதித்தபோது அது லேசாக அசைந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் நட்டுகளைக் கழற்றினோம். முதல் நட்டைக் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் இறுக்கிக்கொண்டே போனேன். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். நான் பதிலுக்கு, கரண்டி பிடித்த கை இவ்வளவு செய்வதே பெரிசு என்றேன். திட்டு வாங்கி, திட்டி, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டி, ஒருவழியாக பிளாக் கையோடு வந்தது. உடையவில்லை. பிஸ்டனையும் எடுத்தோம். கன்னங்கரேலென்று கரி.

பிளாக்கைக் கடைந்து சரிசெய்ய லேத் பட்டறைக்கு அனுப்பியாயிற்று. அதற்குப் புதுப் பிஸ்டன் வரும் என்றாலும், பழையதைத் தூக்கிப் போட இவருக்கு மனசில்லை. சுரண்டிச் சுத்தம் செய்யப்போகிறேன் என்றார். நான் காபி எடுத்துக்கொண்டு வந்தபோது இடது கையில் சுரண்டும் தகடு இருந்தது. பிஸ்டனை இறுக்கிப் பிடித்திருந்தது வலது கை. நழுவியது, மறுபடி பிடித்தார். மறுபடி நழுவியது, மறுபடியும் பிடித்தார். தான் பிடித்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறக்காமல் காபியோடு உள்ளே திரும்பிவிட்டேன். சொல்லியிருந்தால் கீழே வைத்திருப்பார். அதற்கப்புறம் அந்தப் பழைய பிஸ்டன் எப்போதும் அவர் பக்கத்திலேயே கிடந்தது. நானும் கேட்கவில்லை.

பிளாக் திரும்பி வந்து, எஞ்சினை மாட்டி முடிப்பதற்குள் தசரா வந்துவிட்டது. ஊர் முழுக்க விளக்கு. ஆயுத பூஜை அன்று விடிந்ததும் நான் என் சுறுசுறுப்பைக் காட்டினேன். எங்கள் வீட்டில் அரிவாள்மணையிலிருந்து தையல் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. இந்த வருடம் ஸ்பேனர்களையும் தேய்த்துக் கழுவி, வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, பூவும் போட்டு, கற்பூரம் காட்டிவிட்டேன். மாட்டிய எஞ்சினில் இன்னும் நாலு நட்டு இறுக்க வேண்டியிருந்தது. அதை முடித்து வண்டியை உதைத்துப் பார்த்துவிட்டுப் பூஜை போட வேண்டும் என்றுதான் முந்தின நாள் பேசி வைத்திருந்தோம். கற்பூரம் அணைந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஒரு ஸ்பேனரை மட்டும் பூவைத் தள்ளிவிட்டு எடுக்கப் பார்த்தேன். சாமி ஒன்றும் நினைக்காது என்றேன். இவர் விடவில்லை. பூஜை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது, அது ஓய்வெடுக்கிற நாள் என்றார். இத்தனை பாடுபட்டும் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டதே என்று எனக்கு ஆத்திரம். முணுமுணுத்துக்கொண்டே புளியோதரையைத் தட்டில் போட எழுந்தேன்.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். குங்குமச் சிமிழை இழுத்துக்கொண்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பினார். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகாமல் இருந்தது. தன் வலது கை மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, என் புறங்கைகளில் பொட்டு வைத்தார். ஒன்று கோணலாகப் போய் மணிக்கட்டில் விழுந்தது.

"இந்த வருஷம் வேலை செஞ்ச ஆயுதம் இதுதான். இன்னிக்கு நீயும் ஒண்ணும் தொடக்கூடாது" என்றார்.

அப்படியானால் சோறு யார் போடுவது என்று கேட்டேன். எழுந்துபோய்த் தட்டில் புளியோதரை கொண்டுவந்தார். எதிரே உட்கார்ந்து இடது கையால் ஒரு வாய் எடுத்தார். என் வாய்ப்பக்கம் வந்த கை பாதியில் நின்றது. இடது கையால் ஒருவருக்குச் சோறு ஊட்டுகிற பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. திரும்பத் தட்டிலேயே போட்டார்.

பிறகு தட்டில் வலது கையை வைத்தார். விரல்களைச் சேர்த்தார். வழியில் பாதி என் புடவையில் விழுந்தது. பாதி வாய்க்கு வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மெல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. இவர் பயந்துபோய், காரமா, உப்புச் சரியில்லையா என்றார், நான் சமைத்ததற்கு என்னிடமே.

"எல்லாஞ் செரியாத்தானுங்க இருக்குது. இன்னொரு வாய் குடுங்க" என்றேன்.