சவூதிக்கு ஆள் சேர்த்த ஞாயிற்றுக்கிழமை

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பயண முகவர் கடையில் பத்தொன்பது வருடமாக ரிக்கெற் போடுகிறேன். கொழும்பு, சென்னை, லண்டன், பாரிஸ். எங்கள் ஆட்கள் போகும் இடங்கள் அவ்வளவுதான். கலியாணம், செத்தவீடு, கோயில் திருவிழா என்று போகும் காரணங்களும் அவ்வளவுதான். அதனால் ஒரு மார்ச் மாதம் முதலாளி அண்ணை கதிரையை இழுத்துக்கொண்டு என் மேசையடிக்கு வந்து, "தங்கச்சி, இனி நாங்கள் சவூதிக்கு ரூர் விக்கப் போறம்" என்றபோது, ஹஜ் யாத்திரையைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"இல்லை, எங்கட சனத்துக்குத்தான். கடல், மலை, பாலைவனம் எல்லாம் இருக்கு. பதினைஞ்சு பேரைச் சேர்த்தால் கூட்டிக்கொண்டு போற ஆளுக்கு ஒரு சீற் சும்மா. அந்த ஆள் நீர்தான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்களுக்குச் சவூதி என்றால் உழைக்கப் போகிற இடம். வேடிக்கை பார்க்க அங்கே போன ஒருவரையாவது நான் அறியேன். ஆனாலும் அந்த நாட்டுச் சுற்றுலாத் துறை இணையத்தில் நடத்திய வகுப்பில் சேர்ந்தேன், பரீட்சை எழுதினேன், பாஸும் பண்ணினேன். கண்ணால் கண்டிராத ஒரு நாட்டில் நான் நிபுணி என்று சான்றிதழ் வந்தது. அண்ணை அதைச் சட்டம் போட்டு, முருகன் கலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

ஏப்ரலில் ரியாத்திலிருந்து ஒரு பெண் ரொறன்ரோவுக்கு வந்தாள். அவளுக்கு வேலையே வெளிநாடுகளுக்குப் போய்த் தன் நாட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுவதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் எங்களுக்கு. ஒஷாவாவில் எங்கள் முதியோர் சங்கம் ஒவ்வொரு ஞாயிறும் கூடுகிற மண்டபத்தில் பேச ஒழுங்கு செய்திருந்தோம். அவளை டவுன்ரவுனில் ஏற்றிக்கொண்டு போவது என் பொறுப்பு.

அன்று காலை எனக்குக் கை கால் ஓடவில்லை. மத விசயத்தில் கண்டிப்பான நாட்டிலிருந்து வருகிறவள், என்னைப் பார்த்து என்ன நினைப்பாளோ? பொட்டை வைத்தேன், எடுத்தேன். காருக்குள் இருந்து கண்ணாடியைப் பார்த்துத் திரும்ப வைத்தேன். ஹோட்டல் வாசலில் அவள் கறுப்பு அபாயா அங்கியும் வெள்ளைச் சப்பாத்துமாக, பெரிய கோப்பிக் கூஜா ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றாள். இருபத்தேழு வயதுதான் இருக்கும். காரில் ஏறி இருந்ததும், "என்ன நினைப்பீர்களோ என்று தலைத்துணியை மூன்று தரம் மாற்றினேன்" என்றாள் ஆங்கிலத்தில். நான் பொட்டுக் கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், கார்க் கதவைச் சாத்த வந்த ஹோட்டல்காரரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

நாலுநூற்றொன்று நெடுஞ்சாலையில் பிக்கரிங் தாண்டியதும் பனி கொட்டத் தொடங்கியது. ஏப்ரல் பனி என்றால் எனக்கு எரிச்சல். ஒன்பது வயதில் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு அகதிப் பிள்ளையாக வந்து இறங்கிய நாள் முதல் அதைத் திட்டாத வருடம் இல்லை. பக்கத்தில் இருந்தவளோ கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் ஒட்டிக்கொண்டு, "இதுவா? இதுதானா? நிப்பாட்டுங்கள், தயவுசெய்து நிப்பாட்டுங்கள்!" என்று கத்தினாள்.

ஏஜாக்ஸில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு கோப்பிக் கடையின் வெள்ளையாகிக் கிடந்த கார் தரிப்பிடத்தில் நிப்பாட்டினேன். அவள் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினாள். வாயைத் திறந்து அண்ணாந்து நின்றாள். அபாயாவில் விழுந்த பனியைக் கையால் ஏந்தி ஏந்திப் பார்த்தாள். தாய்க்கு வீடியோ அழைப்பு எடுத்து, "அம்மா, அம்மா" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல வராமல் நின்றாள். நான் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, நேரமாகிறது என்று சொல்லப் போன நேரம், ஒரு பனி உருண்டை என் காதடியில் வந்து வெடித்தது. திரும்பிப் பார்த்தால், அடுத்ததை உருட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. முழங்கால் நோவுக்கு மருந்து எடுக்கிறேன். ஆனால் குனிந்து, இரண்டு கை நிறைய அள்ளி, நல்ல திடமாக உருட்டி எறிந்தேன். தன் காரின் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். மண்டபத்துக்கு இருபத்தைந்து நிமிடம் பிந்திப் போனோம்.

அங்கே நாற்பது பேர் இருந்தார்கள். பிந்தி வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, முதல் வேலையாக அவள் கோப்பி ஊற்றினாள். அரபுக் கோப்பி, மஞ்சள் நிறம், ஏலக்காய் மணம். கைபிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் இரண்டு வாய் அளவு. எங்கள் ஆட்கள் குடித்து முடிக்க, திரும்ப ஊற்றினாள். விருந்தாளி ஊற்றும்போது வேண்டாம் என்பது மரியாதை இல்லையே, எல்லோரும் குடித்தார்கள். திரும்பவும் ஊற்றினாள். நான் படங்களைத் திரையில் காட்டி, பாறையைக் குடைந்து செய்த கல்லறைகள், செங்கடல் மீன்கள் என்று சொல்லிக்கொண்டு போக, சபையில் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. ஒரு அன்ரி தொடையைத் தட்டிச் சிரித்தார். இன்னொருவர் இருப்புக் கொள்ளாமல் எழுந்து எழுந்து இருந்தார். அவள் என் காதுக்குள், "உங்கள் ஆட்கள் இவ்வளவு குடிப்பார்களா? எனக்குக் கூஜா முடியப் போகிறது" என்றாள்.

கேள்விகள் மழையாக வந்தன.

"பிள்ளை, அங்க பொட்டு வைக்கலாமோ?"

"வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமோ?"

"தலையில துணி போடாட்டிப் பிடிப்பினமோ?"

நான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். பொட்டு வைக்கலாம். மரக்கறி தாராளமாகக் கிடைக்கும். துணி கட்டாயமில்லை, உடுப்பு அடக்கமாக இருந்தால் சரி. கோயில் இல்லை, மனதுக்குள் கும்பிடலாம். மக்கா நகருக்குள் போக முடியாது. பின்வரிசையில் ஒரு அங்கிள் வாயால் கேட்காமல் பெருவிரலை உயர்த்தி உதட்டடியில் சரித்துக் காட்டினார். நான் மொழிபெயர்க்க முன்னமே அவள் விளங்கிக்கொண்டு, "கிடையாது, அங்கிள்" என்றாள். அவருக்குப் பக்கத்தில் இருந்த மனைவி உடனே, "அப்ப எங்கட ரெண்டு பேரையும் எழுதுங்கோ!" என்று கத்த, மண்டபம் கூரை பிய்கிற மாதிரிச் சிரித்தது.

தாயைக் கூட்டிவந்திருந்த ஒரு இளம்பெண், இங்கே பிறந்தவள், சிரிக்காமல் எழுந்தாள். "ஓகே, பட் சீரியஸ்லி, பெண்களுக்கு அங்க எல்லாம் ஓகே எண்டு சொல்லுறீங்களா?"

ரியாத்துப் பெண் கூஜாவைக் கீழே வைத்தாள். "பெண்களும் கார் ஓட்டலாம் என்று சட்டம் மாறியதும், என் அம்மா நாற்பத்தொன்பது வயதில் ஓட்டப் பழகினார். நான்தான் பழக்கினேன். தோட்டச் சுவரில் மூன்று தரம் மோதினார். எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மாறியதையும் வந்து பாருங்கள், மாறாததையும் பாருங்கள். பிறகு என்னோடு சண்டை பிடியுங்கள்."

அந்தப் பிள்ளை யோசித்துவிட்டு, "ஃபெயர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தாள்.

அவள் திரும்பக் கூஜாவோடு வரிசை வரிசையாகப் போனாள். ஓரத்தில் மனைவியோடு இருந்த ஒரு மெலிந்த ஐயாவிடம் வந்தபோது, அவர் வெறும் கிண்ணத்தை இரண்டு விரலால் பிடித்து, இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டினார். அவள் ஊற்றப் போன கையை அப்படியே நிறுத்தினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

போதும் என்பதற்கு அவர்கள் ஊரில் அதுதான் அடையாளமாம். நாற்பது பேரில் அவர் ஒருவருக்குத்தான் அது தெரிந்திருந்தது. அவர் எழுந்து நின்று அரபியில் பேசினார். "யமீன். யசார். சீதா. புக்ரா." வலம், இடம், நேரே, நாளைக்கு. அவ்வளவுதான் அவருடைய அரபு. பாரவண்டி ஓட்டுபவருக்கு வேண்டிய அரபு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஐயா என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "ஆறு வருசம் அங்க ட்ரெய்லர் ஓடினனான் பிள்ளை. நீர் காட்டின கடலும் தெரியாது, மலையும் தெரியாது. ரோட்டைத்தான் பார்த்தனான். கேட்டுச் சொல்லும், இப்ப நான் போனால் மனுசனாக மதிப்பினமோ?"

நான் அதை ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கூஜாவைப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள். விளம்பரத்துக்கு வந்தவள், 'கட்டாயம்' என்று சுலபமாகச் சொல்லியிருக்கலாம்.

"எல்லோருக்காகவும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது" என்றாள். "எனக்காக முடியும். நீங்கள் வந்தால் விமான நிலையத்தில் நான் நிற்பேன்."

ஐயா மனைவியைப் பார்த்தார். அவர், "என்னை ஏன் பார்க்கிறியள்? ஆறு வருசம் கடிதத்திலதான் குடும்பம் நடத்தினனாங்கள். நான் ஒருக்கா அந்த இடத்தைப் பார்க்கோணும்" என்றார். அதோடு ஆட்கள் எழுந்து மேசையை மொய்த்துவிட்டார்கள். பேனை காணாமல் ஒருவர் கண்ணுக்கு மை தீட்டும் பென்சிலால் எழுதினார். பின்னேரம் அண்ணைக்கு ஃபோன் எடுத்து, "பதினாறு!" என்று கத்தினேன். அவர் "பதினாறு நிமிசத்தில வாறீரோ?" என்று கேட்டார்.

நவம்பரில் போனோம். சொன்ன மாதிரியே அவள் ரியாத் விமான நிலையத்தில் நின்றாள். அல் உலாவின் சிவப்புப் பாறைகளுக்கு முன்னால் அன்ரிமார் எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. ஐயா மட்டும் பயணம் முழுவதும் பஸ்ஸின் முன் இருக்கையை விட்டு அசையவில்லை. பஸ் ஓட்டிய பங்களாதேஷ்காரரோடு கையால் கதைத்தார், தன்னிடமிருந்த மிக்சரைப் பாதி கொடுத்தார். "கலியாணம் கட்டினது என்னையோ, உவரையோ?" என்று மனைவி பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார்.

திரும்பி வந்து பியர்சன் விமான நிலையத்தில் வரிசையில் நின்றோம். என் முறை வந்தது. அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "வேலை விசயமாகப் போனீர்களா, உல்லாசத்துக்கா?" என்று கேட்டார்.

இரண்டும்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்புத்தான் வந்தது. நிறுத்தப் பார்த்தால் இன்னும் கூடியது. எனக்குப் பின்னால் நின்ற பதினாறு பேரும் என்ன ஏது என்று தெரியாமலே சிரிக்கத் தொடங்கினார்கள். அதிகாரி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், தலையை ஆட்டினார், போங்கள் என்று கையைக் காட்டினார்.