ஒன்று குறைந்த தீவு

பல்செட்காரருக்கு வாழ்க்கையில் தெரிந்த ஒரே சமாதானம் "பழகிடும்". புதுப் பல்செட் ஈறில் உரசுகிறது என்று யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், தலையைக்கூட நிமிர்த்தாமல், "போட்டுக்கிட்டே இருங்க, பழகிடும்" என்பார். அவருக்குக் கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் அச்செடுக்கும் நாற்காலியும் பாலிஷ் மோட்டாரும் இருந்தன, திரைக்கு அந்தப் பக்கம் கூடம். மோட்டார் ஓடினால் கூடத்தில் விளக்கு மங்கும், விசிறி தள்ளாடும். அதுவும் அவருக்குப் பழகியிருந்தது.

அவர் மனைவிக்கு எதுவும் பழகாது. பேருந்துகளில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர் அந்த அம்மாள். ஒரு நிறுத்தம் கூடுதலாக உட்கார்ந்து வந்தவரையும் விட்டதில்லை, தூங்கிவிட்டேன் என்றவரையும் விட்டதில்லை. சொந்த அண்ணனையே அபராதம் கட்ட வைத்தவர். இந்த இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்து முடித்து வைத்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

கூடத்தில் ஒரு பழைய வீட்டுக் கணினி இருந்தது. கல்யாணமான புதிதில் பல்செட்காரர் ஆசையாக வாங்கி வந்தது. விசைப்பலகைதான் கணினி, டிவிதான் திரை. அணைத்தால் சகலத்தையும் மறந்துவிடும் என்பதால் பக்கத்தில் ஒரு கேசட் ரெக்கார்டர். அதில் ஒரு தீவு விளையாட்டு. இன்ஸ்பெக்டரம்மா வேலை முடிந்து வந்ததும் காலைக் கழுவிவிட்டுத் தீவை ஆள உட்காருவார். எழும்போது தீவைக் கேசட்டில் சேமித்துவிட்டுத்தான் எழுவார். ஆட்டுப்பட்டி, வயல், துறைமுகம் என்று வருடக்கணக்காக ஆண்டு, இப்போது கலங்கரை விளக்கம் கட்டிக்கொண்டிருந்தார். அதன் உச்சியில் விளக்கு எரிந்தால் அவர் ஜெயித்த மாதிரி. கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.

சேமித்ததைத் திரும்ப ஏற்றுவதுதான் தொல்லை. தீவு என்பது கேசட்டில் வெறும் எண்கள். அத்தனைக்கும் பின்னால், அவற்றின் கூட்டல் கடைசி எண்ணாகப் பதிவாகியிருக்கும். ஏற்றும்போது கணினி தானும் ஒரு முறை கூட்டிப் பார்த்து, இம்மி பிசகினாலும் "பிழை" என்று சொல்லிக் கையை விரித்துவிடும். பல்செட்காரருக்கு இது பொறுக்கவில்லை. வீட்டில் ஒரு இன்ஸ்பெக்டர் போதாதா? கணினிக்கு நேரடியாக உத்தரவு போடும் அசெம்பிளி மொழியை எப்படியோ கற்றுக்கொண்டு, கேசட்டிலிருந்து தீவை ஏற்றும் வேலைக்குச் சொந்தமாக ஒரு லோடர் எழுதினார். இந்த எண்ணை எடு, இந்த இடத்தில் வை, அடுத்த இடத்துக்கு நகரு. அவ்வளவுதான் அதன் வேலை. அன்றிலிருந்து ஒரு தடவைகூடப் பிழை வரவில்லை. எப்படி வரும்? கூட்டிப் பார்க்கும் வரிகளை அவர் எழுதவே இல்லை.

"பரவால்லையே, உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்கீங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. அவர் வாயிலிருந்து பாராட்டு வந்த அதிர்ச்சியில் பல்செட்காரர் பிழை வராத காரணத்தைச் சொல்லாமலே இருந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னறை நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர் வாயில் அச்சு மாவைக் கவ்வியபடி, இறுகும்வரை பேசக் கூடாது என்ற உத்தரவோடு உட்கார்ந்திருந்தார். கூடத்தில் தீவு ஏறியது. துறைமுகம் மலை உச்சியில் இருந்தது. கப்பல் வயலில் நின்றது. நாள்காட்டி பத்தொன்பதாம் மாதம் என்றது. தரையில் இடம் போதாமல் ஆடுகள் கடலிலும் நின்றன. கலங்கரை விளக்கம் மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா, விளக்கு எரிஞ்சிடுச்சு! நீ ஜெயிச்சுட்ட!" என்று கைதட்டினார் பல்செட்காரர்.

"ஆடு ஏன் கடல்ல நிக்குது?"

"நீச்சல் தெரியும் போல. விடும்மா, பழகிடும்."

இன்ஸ்பெக்டரம்மா திரும்பிப் பார்த்தார். ஓசிப் பயணியைப் பார்க்கும் பார்வை. மூன்று கேள்விகளில் உண்மை முழுதும் வெளியே வந்தது. முந்தைய நாள் அவர் தீவைச் சேமித்துக்கொண்டிருந்தபோது இவர் பாலிஷ் மோட்டாரைப் போட்டிருக்கிறார். அதன் மின் இரைச்சலும் கேசட்டில் ஏறிவிட்டது. இவருடைய லோடர் அதையும் தீவு என்று நம்பி, எடுத்து எடுத்து வைத்திருக்கிறது.

"சார்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

பல்செட்காரர் தட்டிய கைகளைக் கீழே இறக்கினார். மனைவி வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவர் கேட்டதில்லை.

"இது என் தீவு இல்ல சார். இதுல ஜெயிச்சா அது டிக்கெட் இல்லாத பயணம். என் தீவு எப்படி இருந்துச்சோ அப்படியே வரணும். வரலைன்னா, இனிமே இந்த வீட்ல நீங்க சார், நான் மேடம். அவ்வளவுதான்."

பல்செட்காரர் பயந்தே போனார். கணினி முன் உட்கார்ந்து, விட்டுப்போன வரிகளை லோடரில் எழுதிச் சேர்த்து மறுபடி ஏற்றினார். "பிழை" என்றது. துருவிப் பார்த்ததில், மோட்டார் தின்றது நடுவில் ஒரு பகுதியைத்தான். கடைசிக் கூட்டல் பத்திரமாக இருந்தது.

"போனதை நீங்க சொல்லுங்க மேடம்" என்றார் பவ்யமாக. "நான் ஒவ்வொண்ணா போடறேன்."

இன்ஸ்பெக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். ஆடு இத்தனை, அதில் சினை இத்தனை, தானியம் இத்தனை, மீனவர் இத்தனை, கொத்தனார் இத்தனை. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட ஒருத்தி இவ்வளவு சொல்ல மாட்டாள். எல்லாம் போட்டு முடித்துக் கூட்டினால், ஒன்று குறைந்தது.

பல்செட்காரருக்கு வழி தெரியும். கடைசி எண்ணில் ஒன்றைக் குறைத்துவிட்டால் போதும், கணினி சமர்த்தாக ஏற்றிக்கொள்ளும். யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர் விரல் அந்த விசைமேல் போய் உட்கார்ந்துவிட்டது. மனைவியின் மூடிய கண்களைப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு குறையுதுங்க மேடம். எதையோ விட்டுட்டீங்க."

"நான் எதையும் விட..." என்று ஆரம்பித்த இன்ஸ்பெக்டரம்மா நிறுத்தினார். முகம் ஒரு மாதிரி ஆனது. "வேலையில்லாதவங்கன்னு ஒரு கட்டம் வரும். அதுல ஒண்ணு போடுங்க."

"உன் தீவுல வேலையில்லாம ஒருத்தனா? நீயா விட்டு வச்சிருக்க?" மேடம் என்று சொல்ல அவருக்கு மறந்துபோனது.

"மொத நாள்லேருந்தே இருக்கான். மேய்க்க விட்டா ஆட்டைத் தொலைப்பான். கட்ட விட்டா சுவரு கோணும். இவன கப்பல்ல ஏத்தி அனுப்பிடலாமான்னு கம்ப்யூட்டரு ஒவ்வொரு தடவையும் கேக்கும். வேணாம்னு அழுத்திடுவேன்."

"ஏன்?"

இன்ஸ்பெக்டரம்மா டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பழகிடுச்சுங்க."

பல்செட்காரர் ஒன்றைப் போட்டார். கூட்டல் சரியாக வந்தது. ஆடுகள் கரையேறின, கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பியது, கலங்கரை விளக்கம் பழையபடி அரைகுறையாக நின்றது. கண்ணைத் துடைக்கலாமா என்று அவர் யோசிக்கும்போது முன்னறையிலிருந்து "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று பரிதாபமாக ஒரு சத்தம் வந்தது. அச்சு மாவு எப்போதோ கல்லாக இறுகியிருக்க வேண்டும்.

"ஐயையோ!" என்று எழுந்து ஓடினார்.

"என்னங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் சேவ் பண்றேன். அந்த மோட்டாரை மட்டும் போட்றாதீங்க."