பட்டியலில் இருந்த பெயர்

சுதந்திரம் வந்து நடந்த முதல் தேர்தலுக்குப் பெயர் எழுத எங்கள் தெருவுக்கு ஒரு குமாஸ்தா வந்தார். மத்திகிரிக்குப் பக்கத்தில், ஊரைவிட்டுத் தள்ளி இருந்த கூலிக்காரர் தெரு எங்களுடையது. அதுவரை அங்கே காகிதத்தோடு யாராவது வந்தால் ஒன்று பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்திருப்பார், இல்லாவிட்டால் பட்டாளத்துக்குப் போனவனைப் பற்றிச் சேதி கொண்டுவந்திருப்பார். அதனால் குமாஸ்தாவைப் பார்த்ததும் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் சாத்தவில்லை. எனக்கு வரவேண்டிய காகிதங்கள் எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டன.

என் வீட்டுக்காரர் சண்டைக்குப் போனவர். வெள்ளைக்காரன் ஜெர்மனிமேல் சண்டை தொடுத்தபோது எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாமும் அந்தச் சண்டையில் இருக்கிறோம் என்பதே ஊரில் தண்டோரா போட்ட பிறகுதான் தெரிந்தது. ஊர்ப் பெரிய வீட்டுக்காரர், தன் நிலத்தில் பாடுபட்ட குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவனாகப் பொறுக்கி அனுப்பினார். அதனால் அவருக்கு அதிகாரிகளிடம் நல்ல பேர் கிடைத்தது. போனவர்களுக்குக் காலில் பூட்ஸ் கிடைத்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது எங்களுக்கு.

ஆண்கள் போன பிறகு மத்திகிரியில் இருந்த சர்க்கார் கால்நடைப் பண்ணையில் புல் வெட்டவும் தீவனம் சுமக்கவும் பெண்களை எடுத்தார்கள். அதற்குமுன் பெரிய வீட்டு நிலத்தைத் தவிர வேறெங்கும் நாங்கள் வேலைக்குப் போனதில்லை. காலையில் மணி அடித்தால் போக வேண்டும், மாலையில் மணி அடித்தால் வீட்டுக்கு வரலாம். நடுவில் யாரும் வாசலில் வந்து நின்று கூப்பிட முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது. புருஷன் எங்கோ குண்டு சத்தத்தில் கிடக்கும்போது இது பிடிக்கிறதே என்று என்மேலேயே எரிச்சலாகவும் வந்தது.

அவருடைய கடிதங்களைப் பண்ணைக் குமாஸ்தா படித்துச் சொல்வார். இடையிடையே சில வரிகளைப் பட்டாளத்து அதிகாரிகளே மையால் அடித்து அனுப்பியிருப்பார்கள். ஒருநாள் ஒரு வரியைத் தனக்குள் படித்துவிட்டுக் குமாஸ்தா சிரித்தார். என்னவென்று கேட்டதற்குச் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாரமே, பள்ளிக்கூடம் போய்வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் எழுத்துக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். ஆறு மாதம் கழித்து அந்தக் கடிதத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். “நீ கிண்டற களி மாதிரி இங்க ஒருத்தனுக்கும் கிண்டத் தெரியல” என்று இருந்தது. இதற்கா அந்த ஆள் சிரித்தான்?

அடுத்து வந்தது இங்கிலீஷ் காகிதம். பர்மாவில் காணவில்லை என்றார்கள். சண்டை முடிந்தபின் இன்னொன்று வந்தது. இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்றார்கள். கண்ணில் பூ விழுந்து பாதி பார்வை போயிருந்த என் மாமியார், காகிதம் கொண்டுவந்தவரை நிமிர்ந்து பார்த்தார்.

“கருதறது யாருங்க? பெத்தவ நான் கருதலையே.”

அதோடு பேச்சு முடிந்தது. என் கழுத்தில் தாலியும் நெற்றியில் பொட்டும் அப்படியே இருந்தன. எங்கள் தெருவிலிருந்து போனவர்களில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். பெரிய வீட்டுத் தெருவில் பூட்ஸைக் கழற்றாமல் நடந்தார்கள். டீக்கடையில் எங்களுக்கென்று வைத்திருந்த தனிக் குவளையைத் தொடாமல், மற்றவர்கள் குடிக்கும் கிளாஸைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அவர்கள் நடக்கும் சத்தம் கேட்டால் மாமியார் வாசலுக்கு வந்து நிற்பார். சத்தம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும் உள்ளே போய்விடுவார்.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவள்தான் நமக்காகச் சொல்ல வேண்டும். நான் மற்ற எதற்கும் அவ்வளவாக அடங்கிப்போகிறவள் அல்ல. ஆனால் இதை மட்டும் பிடிவாதமாகக் காத்தேன். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது அந்தப் பெயரைச் சொல்ல எப்படி வாய் வரும்?

பட்டியல் எழுத வந்த குமாஸ்தா அதைத்தான் கேட்டார். “வீட்டுக்காரர் பேர் என்னம்மா?”

மாமியார் உள்ளிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மகன் பெயரைச் சொன்னார். “ஓட்டுப் போடற ஆளுங்கள்ல அவன் பேரையும் எழுதிக்கோங்க சாமி. வெளியூரு போயிருக்கறான். வந்துருவான்.”

குமாஸ்தா என் பொட்டைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, தப்பு என்னுடையதுதான்.

பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியபோது மாமியாரை அழைத்துப் போனேன். அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். அவரும் அதன்மேல் விரலை வைத்து நெடுநேரம் நின்றார்.

“பேரு வந்துருச்சு. ஆளும் வருவான்” என்றார்.

தேர்தல் நெருங்கியதும் பெரிய வீட்டுக்காரர் எங்கள் தெருவுக்கு நடந்தே வந்தார். அவருடைய ஆள் ஒருவர் தேர்தலில் நின்றார். அன்றைக்கு எங்கள் ஆண்களைப் பொறுக்கி அனுப்பிய அதே மனிதர் இன்றைக்குக் கும்பிட்டுக்கொண்டு வந்தார். தமிழில் பாதி, கன்னடத்தில் பாதியாக வீடு வீடாக நலம் விசாரித்தார். அவரை அப்படிப் பார்ப்பதற்கு எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உன் ஊட்டுக்காரன் ஓட்டு ஒண்ணு சும்மா கெடக்குதாமே. அத வீணா உட வேண்டாம். நம்ம ஆளு ஒருத்தன் வந்து போட்டுட்டுப் போவான். நீ கண்டுக்காத.”

“வேண்டாமுங்க. அவரு பேரத் தொடாதீங்க” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஓட்டுப் போடும் நாளில் பள்ளிக்கூடத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. திரும்பி வந்த பட்டாளத்துக்காரர்கள் பெரிய வீட்டுப் பங்காளிகளுக்கு முன்னால் நின்றார்கள், யாரும் அவர்களைத் தள்ளிவிடவில்லை. நானும் மாமியாரும் வரிசையில் அறை வாசலுக்கு வந்திருந்தோம். அப்போது உள்ளே மேஜையில் இருந்த அதிகாரி, பட்டியலைப் பார்த்து ஒரு பெயரை உரக்கப் படித்தார்.

என் வீட்டுக்காரர் பெயர். தகப்பன் பெயரோடு.

மாமியார் என் கையை உதறிவிட்டார். “வந்துட்டானா? எஞ்சாமி வந்துட்டானா?” என்று கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு அறைக்குள் போனார். மேஜைக்கு முன்னால் நின்றிருந்தவன் பெரிய வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிறவன். எனக்கு அவனை நன்றாகத் தெரியும். மாமியார் அவன் முகத்தைத் தடவினார். நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் தடவினார். அவன் பாவம், நகரவும் முடியாமல் பேசவும் முடியாமல் நின்றான். மாமியாரின் கை மெல்லக் கீழே இறங்கியது.

“இவன் இல்ல” என்றார்.

பெரிய வீட்டு ஆளுக்காக உள்ளே உட்கார்ந்திருந்த தேர்தல் ஏஜெண்டு எழுந்தான். “கெழவிக்குக் கண்ணு தெரியாதுங்க. இவந்தான் அவ மகன்.”

அதிகாரி வெளியூர்க்காரர். வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டார். “நீங்க யாரும்மா? இவர் உங்க வீட்டுக்காரரா?”

நான் இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது. அப்படியானால் அவர் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். வெளியூர் என்று சொன்னால் பெயர் பட்டியலில் இருக்கும். மாமியார் வாசலில் காத்திருப்பார். இந்தத் தேர்தலில் இல்லாவிட்டால் அடுத்ததில் வேறொருவன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பான். மாமியார் அவன் முகத்தையும் தடவிப் பார்ப்பார்.

“இல்லைங்க. அவரு செத்துட்டாரு. பர்மாச் சண்டையில செத்துட்டாரு.”

அதன்பிறகு அவர் பெயரைச் சொன்னேன். முழுதாக, எல்லோருக்கும் கேட்கும்படி. ஏஜெண்டைப் பார்த்து, “அன்னிக்கு ஆளக் கூட்டிக்கிட்டுப் போனீங்க. இன்னிக்குப் பேரையும் எடுத்துக்கிட்டா எங்களுக்கு என்னாங்க மிச்சம்?” என்று கேட்டேன். தோட்டக்காரன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். அதிகாரி சிவப்புப் பென்சிலால் அந்த வரியின்மேல் ஒரு கோடு போட்டார். மூங்கில் ஸ்கேல் வைத்து, நேராகப் போட்டார்.

நாங்கள் இருவரும் ஓட்டுப் போட்டோம். மாமியார் தன் பெயரைத் தெளிவாகச் சொல்லி, விரலை நீட்டி மை வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடிக்காமல், தடியால் தட்டித் தட்டி முன்னால் நடந்தார். பண்ணை வேலியோரமாகவே போனார். என் மகனைக் கொன்றுவிட்டாயே என்று கேட்பார், கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டு பின்னால் போனேன். கேட்டால் அழக்கூடாது என்றும் நினைத்தேன்.

வேலி திரும்பும் இடத்தில் அவர் நின்றார்.

“அந்தப் பேர நாந்தான் வெச்சேன். ஊரே கூப்புட்டுது. இன்னிக்கு வரைக்கும் நீ சொல்லி நான் கேட்டதேயில்ல” என்றார். “இன்னொருக்கா சொல்லு.”

சொன்னேன். என் குரல் உடைந்துவிட்டது.

“நல்லாச் சொல்லு” என்றார், என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு.