கை காட்டினால் நிற்கும்

நம்முடைய டிரைவர் பகல் முழுக்கப் பேருந்து ஓட்டுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து, டிவியில் ராணுவ லாரி ஓட்டுவார். இருநூறு பேர் ஆன்லைனில் ஆடும் போர் விளையாட்டு அது. மற்றவர்கள் சுட்டுத் தள்ள வருகிறார்கள். இவர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. குண்டு மழைக்கு நடுவில் இண்டிகேட்டர் போடுவார், வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பார். இருபத்தெட்டு வருஷத்துக் கை, சும்மா இருக்குமா?

ஹாரனாவது பரவாயில்லை. ரோட்டோரம் யார் கை காட்டினாலும் லாரியை நிறுத்திவிடுவார், எதிரியே ஆனாலும். அப்படி ஏறியவர்கள் உள்ளே இருந்த மொத்தப் பேரையும் சுட்டுக் கொன்ற கூத்து இரண்டு முறை நடந்துவிட்டது. படைத் தலைவர் நிஜத்தில் ஒரு பல் டாக்டர், பொறுமைசாலி. அவரே கொதித்துப்போனார்.

"இன்னொரு தடவ எதிரிய ஏத்துனீங்கன்னா டீம விட்டே தூக்கிடுவேன், சொல்லிட்டேன்!"

டிரைவருக்குப் பகீரென்றது. பேருந்தில் ஏறுகிற ஒருவரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. இங்கேதான் நூறு பேர் 'டிரைவரண்ணே, டிரைவரண்ணே' என்று உயிரை விடுகிறார்கள். இனி எவனுக்கும் நிறுத்துவதில்லை என்று சத்தியம் செய்தார்.

இதற்கிடையில் மைத்துனன் விவகாரம் வேறு. மனைவியின் தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டில் எல்லாருக்கும் அவன் 'ஐஸ்பெட்டி'. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. சொத்துத் தகராறு என்றால்கூட ஒரு கௌரவம் உண்டு. டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டி வாங்கப் போன இடத்தில் இவர் கறுப்புப் பெட்டிதான் உசத்தி என்றார், அவன் வெள்ளைப் பெட்டி என்றான். நரைத்த தலையும் வழுக்கைத் தலையும் கடை நடுவில் காய் விட்டுக்கொண்டன. எட்டு மாதம் முன்பு அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தபோதுகூட இவர் போய்ப் பார்க்கவில்லை. மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் முதலில் யார் வாயைத் திறப்பது?

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டுக் கம்பெனிக்காரன் ஒரு போட்டி வைத்தான். ஞாயிறு மத்தியானம் கறுப்புப் பெட்டிக்காரர் நூறு பேர், வெள்ளைப் பெட்டிக்காரர் நூறு பேர், ஒரே களத்தில்.

டிரைவர் இருபத்துமூன்று பேரை ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினார். மழையில் ஓர் எதிரி தனியாக நின்று கை காட்டினான். தலைக்கு மேல் பெயர் மின்னியது: ஐஸ்பெட்டி.

"அண்ணே, நிறுத்தாதீங்க!" என்று பல் டாக்டர் கத்தினார்.

கட்டைவிரல் பிரேக்கை அழுத்தியது. பழக்கதோஷம் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். பொய். வேண்டுமென்றேதான் அழுத்தினார்.

ஐஸ்பெட்டி ஏறினான். ஏறிய வேகத்தில் இருபத்துமூன்று பேரையும் சுட்டான். பல் டாக்டர் திட்டி முடிக்கும் முன்பே செத்துப்போனார். டிரைவர் மட்டும் மிச்சம். ஒரே வண்டியில் இருந்தால் எதிரியின் குரலும் கேட்கும். டிரைவர் வைப்பரைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

"மாமா."

"ம்."

"எங்க கோட்டை வாசல்ல எறக்கி விடுங்க."

"அங்க ஸ்டாப்பிங் இல்லையே மாப்ளே."

வளைவு வந்தது. டிரைவர் ஹாரன் அடித்துத் திரும்பினார்.

"பாப்பாவுக்குப் பல்லு மொளச்சிருக்கு மாமா."

டிரைவருக்குக் கண் கலங்கி ரோடு தெரியவில்லை. யாரும் கை காட்டாமலே, வாழ்க்கையில் முதல்முறையாக, நடுரோட்டில் வண்டியை நிறுத்தினார். செத்துப்போன பல் டாக்டரிடமிருந்து திரையில் செய்தி வந்து விழுந்தது: 'இந்த ஆட்டத்தோட நீங்க டீம்ல இல்ல.'

அவர் அதைப் படிக்கவில்லை.

"எத்தன பல்லுடா?" என்று கேட்டுக்கொண்டே சோபாவுக்கு அடியில் செருப்பைத் தேடினார்.