வண்டுக்குப் போட்ட நாமம்

வெயில் ஏறும் நேரத்தில் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லைக்குப் போனால் ஒரு வாசனை மூக்கில் வந்து மோதும். மாமரக் கிளையில் வேர்களால் கெட்டியாகப் பற்றிக்கொண்டிருந்த ஒரு செடியின், பழுப்பு வலை பின்னிய இதழ்களும் நடுவில் ஊதா நாக்குமாகச் சித்திரையில் பூத்த பூக்களின் வாசனை அது. ஆர்க்கிட் என்ற பெயரெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்பாவுக்கு அது "புல்லுருவி", மரத்தின் சாற்றை உறிஞ்சும் திருட்டுச் செடி. அந்த வருஷம் மாமரம் சரியாகக் காய்க்காத பழியும் அதன் மேல் விழுந்தது.

திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்கு எதிலும் பிரயோஜனம் வேண்டும். "பூத்து என்ன புண்ணியம்? ஒரு காய் உண்டா? வெட்டிப் போட்டுடறேன்" என்றார். அந்த வாசனை இல்லாமல் துணி துவைக்கவே கை ஓடாத அம்மா, "பூ உதிர்ற வரைக்கும் பொறுங்க. காய் வைக்கலேன்னா வெட்டிடுங்க, நான் ஒண்ணும் சொல்லலை" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் அந்தச் செடி காய்த்து நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

பள்ளி விடுமுறையானதால் கிணற்றடியில் உட்கார்ந்து காவல் காத்தேன். ஒரு நாள் கருவண்டு ஒன்று வந்தது. வண்டு என்று நாங்கள் சொன்னாலும் அது மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய தேனீதான். பூவுக்குள் தலையை விட்டுத் துழாவிவிட்டு வெளியே வந்தபோது அதன் நெற்றியில் மகரந்தக் கட்டி மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"அம்மா, வண்டு நாமம் போட்டிருக்கு!" என்று கத்தினேன். ஈரக் கையோடு ஓடிவந்த அம்மா சிரித்துவிட்டாள்.

"அதுவாவா போட்டுக்கிச்சு? இந்தப் பூவுல தேன் ஏதுடி? வாசனையைக் காட்டிக் கூப்பிட்டு, பட்டை நாமமா போட்டு அனுப்பிடுச்சு பாரு, கெட்டிக்காரி!"

ஏமாந்த வண்டுக்குப் புத்தி வரவில்லை. அடுத்த வீட்டுப் புளியமரத்தில் இருந்த அதே வகைச் செடிக்குப் போய், அங்கேயும் ஒரு நாமம் வாங்கிக்கொண்டு, முதலில் ஏமாற்றிய எங்கள் பூவுக்கே திரும்பி வந்து நுழைந்தது. வெளியே வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது; நாமம் பூவுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மற்றப் பூக்கள் உதிர்ந்ததும் அப்பா அரிவாளோடு வந்தார். அந்த ஒரு பூவின் காம்பு மட்டும் காய் பிடித்துப் பச்சையாகப் பருத்து நின்றது. அம்மா நடந்ததைச் சொன்னாள். அப்பாவுக்குத் தருவதாக வருஷக்கணக்கில் சொல்லிவந்த சூப்பர்வைசர் வேலையை அப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். "அட, இந்த வண்டு நம்ம கட்சி" என்று சொல்லிவிட்டு அரிவாளை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். மாமரம் இல்லை, புளியமரம் இல்லை, அம்மாவும் இல்லை. மரத்தை வெட்டிய அன்று அப்பாவே செடியைக் கிளைத்துண்டோடு அறுத்தெடுத்து வைத்திருந்து, வீடு கட்டி முடிந்ததும் தன் மூன்றாவது மாடி பால்கனிக் கம்பியில் கட்டினார். சித்திரையானால் பூக்கிறது, வாசனையும் அப்படியே இருக்கிறது. காலையில் அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். வண்டு வந்ததா என்று போனில் கேட்டால் ஒரே பதில்தான்.

"இன்னும் வரலைம்மா. ஏமாறவும் ஒரு ஆள் வேணுமே."