அண்ணன் அமுக்காத பட்டன்

போன வாரம் முழுக்க, பரவை தாண்டி திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் ஒரு பைப் கம்பெனியில், ஒரு விளக்குமாறு ஒப்புதலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

விளக்குமாறு என்றால்... கூட்டுகிற விளக்குமாறுதான்.

கம்பெனி என் கல்லூரித் தோழன் கதிருடையது. அவனுடையது மட்டுமல்ல — அவனுக்கு மூத்த முருகேசன், இருவருக்கும் மூத்த சோலையண்ணன் என்று மூன்று பேருடையது. தோட்டங்களுக்குச் சொட்டுநீர் பாய்ச்சும் பைப் செய்கிறார்கள்.

“ஈ.ஆர்.பி. போடப் போறோம் மாப்ள” என்று கதிர் போன் செய்தபோது, “யாருக்கு? டாக்டர் என்ன சொன்னார்?” என்று பதறிவிட்டேன். என் வயதில் மூன்றெழுத்தில் எது வந்தாலும், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய டெஸ்ட் என்றுதான் தோன்றுகிறது.

விஷயம் அதுவல்ல. வாங்குவது, விற்பது, ஸ்டாக், லீவு என்று கம்பெனியின் சகலத்தையும் ஒரே சாஃப்ட்வேருக்குள் கொண்டுவருவதுதான் ஈ.ஆர்.பி.யாம். திரையில் வரும் ஆங்கில வரிகளைத் தொழிலாளர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதித் தர ஓர் ஆள் தேவைப்பட்டது. வாராவாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது எல்லோருக்கும் புரிகிறது என்று கதிருக்கு யாரோ தவறான தகவல் கொடுத்திருக்கிறார்கள். போனேன்.

சாஃப்ட்வேரை அமைத்துத் தர சென்னையிலிருந்து நிவேதா என்ற பெண் வந்திருந்தார். வந்த முதல் நாளே தம்பிகள் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்.

“சார், பர்ச்சேஸுக்கு ஃபைனல் அப்ரூவல் யாரு?”

“அண்ணன்தான்.”

“டிஸ்கவுண்ட் கொடுக்கணும்னா?”

“அண்ணன்தான்.”

“லீவு?”

“அதுவும் அண்ணன்தான்.”

பாவம், நிவேதா நம்பிவிட்டார். எல்லாவற்றிலும் கடைசி ஒப்புதல் சோலையண்ணன் பெயருக்குப் போய்விட்டது.

நிஜம் என்ன? கம்பெனியை ஆரம்பித்தவர் சோலையண்ணன். நெஞ்சுவலி வந்த பிறகு பொறுப்பையெல்லாம் தம்பிகளிடம் விட்டுவிட்டார். தினமும் பதினோரு மணிக்கு வருவார். டீ குடிப்பார். பேப்பர் படிப்பார். “என்னடா, எல்லாம் ஓடுதா?” என்பார். “ஓடுதுண்ணே” என்பார்கள். வீட்டுக்குப் போய்விடுவார். முடிவெடுப்பதெல்லாம் முருகேசன். ஆனால் அதை யாரும் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற மாதிரிதான் இவர்கள் சாஃப்ட்வேரையும் நிரப்பியிருந்தார்கள். பெரியவர் பெயர் மேலே வர வேண்டும். விட்டுப்போனால் தலைமுறைக்கும் பேச்சு. என்ன ஒன்று... பத்திரிகையில் பெயர் உள்ளவர் வராவிட்டாலும் தாலி கட்டிவிடலாம். சாஃப்ட்வேரில் முடியாது.

முழுசாக மாறுவதற்கு முன் ஒரு சின்னப் பொருளை வைத்து ஒத்திகை பார்க்கலாம் என்றார் நிவேதா. விளக்குமாறு தேய்ந்துபோயிருந்தது, புதிது கேட்டு அதையே சாஃப்ட்வேரில் போட்டார்கள். கதிர் சரி என்றான். முருகேசன் சரி என்றார். கடைசியாக, சரி என்று பட்டனை அமுக்கச் சொல்லி சோலையண்ணன் போனுக்குப் போனது. அங்கேயே நின்றது.

ஆபீஸ் கூட்டும் பேச்சியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏண்ணே, எதுத்த கடையில தொங்குது, எட்டி எடுத்தாப் போச்சு. இதுக்கு எம்புட்டுப் பேருண்ணே சரி சொல்லணும்?”

“ஒத்திகைம்மா. சாஃப்ட்வேருக்கு வெளியில வாங்கக் கூடாது” என்றான் கதிர்.

“அப்பக் குப்பையும் ஒத்திகைக் குப்பைதானே? கெடக்கட்டும்.” போய்விட்டார்.

கதிர் நாசூக்காக அண்ணனிடம் கேட்டுப் பார்த்திருக்கிறான். அவர் சொன்ன பதில் இது: “பாத்தேன்டா. ரெண்டு பேரும் சரின்னுட்டீங்க. அதுக்கப்புறம் நானும் அமுக்குனா, ஒங்க மேல நம்பிக்கை இல்லாத மாதிரில்ல ஆயிரும்?”

ஆக, அண்ணன் மேல் உள்ள மரியாதையில் தம்பிகள் பெயர் போட்டார்கள். தம்பிகள் மேல் உள்ள மரியாதையில் அண்ணன் பட்டனைத் தொடவில்லை. இப்படியே ஒன்றாம் தேதி சாஃப்ட்வேரைத் தொடங்கினால், லோடு ஏற்றிய லாரிகள் கேட்டைத் தாண்டாது. பெயரை எடுத்தாலோ... நெஞ்சுவலி கண்ட மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

“நீ சொல்லு மாப்ள. நீதான் எழுதுறவன்” என்றான் கதிர்.

“எழுதுறவன்தான்டா. பேசுறதுன்னா வீட்டுலயே நான் அனுமதி வாங்கணும்.”

அவன் விடவில்லை. மறுநாள் பதினோரு மணி. சோலையண்ணன் டீயோடு உட்கார்ந்திருக்க, சுற்றிலும் நாங்கள். நான் ஆரம்பித்தேன். காலமாற்றம் என்றேன். விஞ்ஞானம் என்றேன். ஆலமரம், விழுது வரைக்கும் போய்விட்டேன்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். “எழுத்தாளரே... யாராச்சும் தவறிட்டாங்களா? நேரா சொல்லுங்க.”

கதிர் போட்டு உடைத்துவிட்டான். “அண்ணே, ஒங்க பேரு இருக்குறதால எல்லாம் அங்கயே நிக்குதுண்ணே.”

முருகேசன் மின்விசிறியைப் பார்த்தார். நான் முருகேசனைப் பார்த்தேன்.

சோலையண்ணன் நிவேதா பக்கம் திரும்பினார். “என் பேரை எடுத்துட்டா என்ன தாயி ஆகும்?”

“ஒண்ணுமே ஆகாது சார். வேலை நிக்காம போகும்.”

அந்தப் பெண் சாஃப்ட்வேரைத்தான் சொன்னார். ஆனால் ஒரு கம்பெனியை உருவாக்கிய மனிதரிடம் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால், அது இதுதான். சொன்ன பிறகு நிவேதாவுக்கே அது புரிந்து, முகம் சிறுத்துவிட்டது.

அண்ணன் செல்போனை எடுத்து மேஜையில் வைத்தார்.

“நெசத்தைச் சொல்லட்டாடா? இது டிங்குன்னு சத்தம் போடுறப்பல்லாம் எனக்குப் பக்குனு இருக்கு. தப்பா எதையாச்சும் அமுக்கி, கட்டுன கம்பெனியை நானே கவுத்துருவேனோன்னு... எடுத்துருங்க.”

“அண்ணே...” என்றார் முருகேசன்.

நிவேதா மெதுவாகச் சொன்னார். “சார், உங்களுக்கு வேற மாதிரி ஒரு வசதி வச்சுத் தரேன். நீங்க எப்ப வேணும்னாலும் எல்லாத்தையும் பாக்கலாம். எதையும் மாத்த மட்டும் முடியாது.”

“அதுக்கென்ன தாயி? மகன் வீட்டுல இப்ப அப்படித்தானே இருக்கேன்... பழகிருச்சு.”

எல்லோரும் சிரித்தோம். கதிர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

கம்பெனியைத் தயார்ப்படுத்துவது என்றால் கம்ப்யூட்டர், ஒயர், டிரெய்னிங் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதெல்லாம் காசு கொடுத்தால் வந்துவிடும். யார் முடிவெடுக்கிறார் என்ற, எல்லோருக்கும் தெரிந்த, யாருமே சொல்லாத ஒன்றை, ஒருநாள் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுதான் கஷ்டமான வேலை. நம் வீடுகளில் எத்தனை வீடு அதற்குத் தயார்? என் வீட்டில் இந்தக் கேள்வியையே நான் கேட்கப் போவதில்லை.

கிளம்பும்போது சோலையண்ணன் கேட் வரைக்கும் கூடவே வந்தார். வேப்பமரத்தடியில் நின்று, உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எழுத்தாளரே... என் பேரை எடுத்த எடத்துல யாரு பேரைப் போட்டாக?”

“முருகேசன் பேரைத்தாண்ணே.”

“அவன் பேரை மட்டுமா?” யோசித்தார். “கதிரு பேரையும் சேத்துப் போடச் சொல்லுங்க. சின்னவன்... மனசு சங்கடப்படுவான்.”

நிவேதாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.