எந்தப் படத்து மெட்டு?

திருவனந்தபுரம் பழவங்காடியில் கரமனை பஸ்ஸுக்காக நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. கையில் அப்போதுதான் வாங்கிய பாட்டுப் புத்தகம், புதிதாக வந்த ஒரு மலையாளப் படத்துடையது. முதல் பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் காப்பி ஹோட்டலில் யாரோ சிலோன் ரேடியோவைத் திறந்தார்கள். இந்திப் பாட்டு. என் வாயில் ஓடிய மலையாள வரிகள் அந்த இந்தியின் மேல் அப்படியே போய் உட்கார்ந்துகொண்டன. அசைக்கு அசை, இழுப்புக்கு இழுப்பு. அடடே என்று நினைப்பதற்குள் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. காலையில் தோசை வார்த்துக்கொண்டே அக்கா பாடியதும் இதைத்தான். அது தமிழ்ப் படத்துப் பாட்டு.

ஒரே உடம்பு, மூன்று சட்டை. அப்படியானால் நாம் வாரா வாரம் 'புதுப் பாட்டு, புதுப் பாட்டு' என்று பறக்கிறோமே, எது புதுசு? பஸ் வந்தது, நின்றது, போயும்விட்டது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாவைப் பிடித்துக்கொண்டேன். அண்ணா செக்ரட்டேரியட்டில் கிளார்க். மற்ற நேரமெல்லாம் ரேடியோ. நம் ஊர் ரேடியோ நிலையத்தில் சினிமாப் பாட்டு அருகிப்போனதிலிருந்து அவனுடைய முள் சிலோனை விட்டு நகர்வதில்லை. பாட்டு வளர்ந்திருக்கிறது என்பது அவன் கட்சி. முன்பெல்லாம் ஓர் ஆர்மோனியமும் தபலாவும் வைத்துக்கொண்டு கதாநாயகன் சாகும்வரை பாடுவானாம். இப்போது மூன்று நிமிஷத்துக்குள் கிளாரினெட், கிடார், பத்து வயலின் எல்லாம் வந்து போகின்றனவாம். வாத்தியம் பெருகியிருக்கலாம், மெட்டு எங்கே பெருகிற்று என்றேன். பம்பாயில் ஒருவர் போடுகிறார், மதராஸில் அதை எடுக்கிறார்கள், நமக்கு வரும்போது வெறும் வார்த்தை மாற்றம். அந்தப் பம்பாய்க்காரரே எந்த இங்கிலீஷ் இசைத்தட்டிலிருந்து எடுத்தாரோ. இப்படியே போனால் ஒரு நாள் எல்லா ஊரும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்.

"பாடட்டுமே. அப்போ எல்லாருக்கும் பாட்டு தெரியுமே," என்றான். எனக்கு அது பதிலாகவே தோன்றவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் அக்காவின் கல்யாணத்தில் கைவைத்தேன்.

அக்காவுக்கு நாகர்கோவிலில் வரன் நிச்சயமாகியிருந்தது. எங்கள் தெருவில் கல்யாணத்தன்று சாயங்காலம் நலங்கு. ஜமக்காளத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டுவார்கள், ஒருவர் தலையில் ஒருவர் அப்பளம் நொறுக்குவார்கள். அதற்கு மாப்பிள்ளையைப் பாட்டுப் பாடி அழைக்க வேண்டியது கல்யாணப் பெண். அந்தப் பாட்டு வீட்டிலேயே கட்டுவது. வார்த்தை நம்முடையது, மெட்டு மட்டும் ஏதாவது சினிமாவிலிருந்து. பாடுமுன் 'எந்தப் படத்து மெட்டு' என்று யாராவது கேட்பார்கள், படத்தின் பெயரைச் சொன்னதும் கூடம் முழுக்கத் தலையாட்டும். பட்டணத்தில் சமீபத்தில் வந்த படமானால் பெண் வீட்டுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

காலேஜில் படிக்கிறவள் என்று பாட்டை என்னிடம் விட்டார்கள். வார்த்தை மட்டுமல்ல, மெட்டும் நானே போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, மெட்டுப் போடுவது எவ்வளவு பெரிய வம்பு என்று. பஸ்ஸில், ஆற்றங்கரைப் படியில், சரித்திர வகுப்பில், எங்கும் ஹூம் ஹூம் என்று திரிந்தேன். ஒன்று பிடிபட்டதும் ஓடிவந்து சித்தியிடம் பாடிக் காட்டுவேன். சித்திக்கு ஒரு தடவை கேட்ட பாட்டு மறக்காது. அரிசி களைந்துகொண்டே தலையைத் தூக்காமல், இது இன்ன படத்தில் தோட்டத்து சீனில் வருவது என்பாள். மாற்றிக்கொண்டு போனால், இப்போது இது அதற்கு முந்தைய படத்தில் ரிக்‌ஷாக்காரன் பாடுவது என்பாள். என் தலைக்குள் எனக்கென்று ஒரு ஸ்வரமாவது இருக்கிறதா என்றே பயம் வந்துவிட்டது.

கடைசியில் ஒரு நாள் பஸ் கரமனைப் பாலத்தில் ஏறித் தடதடத்தபோது இரண்டு வரி கிடைத்தது. நாகர்கோவில்காரர்கள் இந்தப் பாலம் தாண்டித்தானே வரவேண்டும்.

*பாலம் தாண்டி வந்தவரே, பாயில் வந்து அமருமே.*

'அமருமே'யில் மெட்டு மேலே ஏறி, ஒரு வளைவு வளைந்து, நிற்காமல் அடுத்த வரிக்குள் விழும். அந்த வளைவு எனக்கு அத்தனை இஷ்டம். சித்தி அரிசி களைந்த கையோடு நிமிர்ந்து யோசித்தாள். பிறகு இன்னொரு தடவை பாடச் சொன்னாள்.

"இது எங்கேயும் கேட்டதில்லையாக்கும்," என்றாள். நான் குதித்தேன். "குதிக்காதே. யாருக்கும் தெரியாத மெட்டுன்னா யாருடி கூடப் பாடுவா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. நலங்கில் பெண் முதல் வரியைத்தான் தனியாகப் பாடுவாள். இரண்டாம் வரியிலிருந்து கூடத்திலுள்ள அத்தனை பெண்களும் சேர்ந்துகொள்வார்கள், மெட்டுத்தான் எல்லோருக்கும் தெரியுமே. அக்காவின் குரல் நூல் மாதிரி. நாலு பேர் சேர்ந்து பாடினால் அதில் மறைந்துகொள்ளும். தனியாக விட்டால் நடுங்கும். போகிற வீட்டிலோ பெண்கள் எல்லோருக்கும் சங்கீதம் உண்டு, மாப்பிள்ளையின் அக்கா கச்சேரியே செய்வாளாம். நலங்கில் குரல் உடைந்தால் வளைகாப்பு வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

சினிமா மெட்டுக்கே மாற்றிவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அரைமனதாகத்தான் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போட்டதையே பாடறேன். சும்மா இரு," என்றாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை.

கல்யாணத்தன்று ஆண்கள் பக்கம் பேச்செல்லாம் நாகர்கோவில் பக்கத்துத் தமிழ்த் தாலூக்காக்கள் மதராஸோடு போகுமா, திருவனந்தபுரத்தோடு நிற்குமா என்பதுதான். அக்கா போகிற இடம் நாளை வேறு ராஜ்யமாகிவிடலாம். எல்லை பிரிந்தால் என் மெட்டையும் வழியில் நிறுத்திப் பரிசோதிப்பார்கள் என்று அண்ணா என் காதில் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நலங்குக்கு ஜமக்காளம் விரித்தார்கள். கூடம் நிறைந்து பெண்கள். கூப்பிடுவதற்கு முன்னாலேயே மாப்பிள்ளை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய அக்கா, அதுதான் அந்தக் கச்சேரிக்காரி, எங்கள் பக்கம் பார்த்துக் கேட்டாள்: "எந்தப் படத்து மெட்டு?"

அக்கா தலையைக் குனிந்தபடி, "படமில்லை. தங்கை போட்டது," என்றாள்.

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. அக்கா ஆரம்பித்தாள். முதல் வரி நன்றாகவே வந்தது. இரண்டாவது வரிக்கு வாயைத் திறந்த பெண்கள் திறந்த வாயோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் மெட்டு வரவில்லை. நான் சேர்ந்துகொண்டேன். பதற்றத்தில் சுருதி எங்கேயோ மேலே போய்விட்டது. சித்தி முழங்கையால் இடித்தாள், நிறுத்திவிட்டேன். அக்கா மட்டும். அவள் குரல் நடுங்குவது எனக்குக் கேட்டது. நான் பெருமைப்பட்ட அந்த வளைவில் ஏறினாள், வளைத்தாள், விழ வேண்டிய இடத்தில் மூச்சு இல்லை. பாட்டு நின்றுவிட்டது.

அந்த இடைவெளியில் மாப்பிள்ளையின் அக்கா தொடையில் ஒரு தட்டுத் தட்டி, இரண்டே ஸ்வரத்தில் பாடினாள்: "அமர்ந்தாச்சே, அமர்ந்தாச்சே."

அழைக்காமலே வந்து உட்கார்ந்துவிட்ட தன் தம்பிக்குத்தான் அந்தக் குத்தல். கூடம் சிரித்தது. மாப்பிள்ளை காதுவரை சிவந்தார். அதற்குள் அக்காவுக்கு மூச்சு வந்துவிட்டது. அடுத்த வரியைப் பாடி அதே இடத்தில், இந்தத் தடவை வேண்டுமென்றே, நிறுத்தினாள். இப்போது இரண்டு பக்கத்துப் பெண்களும் கைதட்டிக்கொண்டு பதில் சொன்னார்கள். தேங்காய்க்கு ஒரு பதில், அப்பளத்துக்கு ஒரு பதில், எங்கள் வீட்டுப் பாயசம் நீர்த்திருந்ததற்கு ஒரு பதில். பாட்டு முடியவே மாட்டேன் என்றது. அக்கா குரல் நூலாகவேதான் இருந்தது, ஆனால் அறுபடவில்லை.

நான் மட்டும் நிலைகொள்ளாமல் தவித்தேன். ஏனென்றால் என் வளைவு போய்விட்டது. பாடப்பாட அதை எல்லோரும் நேராக்கிக்கொண்டார்கள், அக்கா உள்பட. மறுநாள் சம்பந்திகள் பஸ் ஏறும்போது பாடிக்கொண்டு போனதும் அந்த நேரான மெட்டுத்தான்.

புறப்படுமுன் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எனக்குப் பாட்டுப் போட்டா மூச்சு விட எடம் வெச்சுப் போடு," என்றாள்.

அந்த வார்த்தையைத்தான் இன்னும் விடாமல் மென்றுகொண்டிருக்கிறேன். என் மெட்டு அந்தக் கூடத்தில் வளர்ந்ததா, தேய்ந்ததா? நாலு பேர் வாயில் நுழைய வேண்டுமென்றால் வளைவெல்லாம் நேராகித்தான் ஆகவேண்டுமா? பம்பாய்க்காரர்களும் மதராஸ்காரர்களும் இதைத் தெரிந்துகொண்டுதான் போடுகிறார்களோ? அப்படியானால் அவர்களைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் போன வருஷம் ஒரு மலையாளப் படம் வந்ததே, வயலிலும் ஆற்றுக் கடவிலும் கேட்கிற மாதிரிப் பாட்டுகளோடு. அவற்றுக்குப் பம்பாய் தேவைப்படவில்லை. ஊரே பாடுகிறது. ஆகவே சொந்த மெட்டாலும் முடியும்.

காலேஜ் ஹாஸ்டலில் கொல்லத்துக்காரி ஒருத்தி இருக்கிறாள், மலையாளத்தில் நன்றாக வரி எழுதுவாள். இந்த மெட்டுக்கு எழுதித் தருகிறேன் என்றாள், எழுதியும்விட்டாள். மூன்று சட்டை என்று கத்தியவள் நீயே தையற்காரி ஆகிவிட்டாயே என்று அண்ணா கேலி செய்கிறான். செய்யட்டும். ஒரு மெட்டாவது கரமனையிலிருந்து கிளம்பிப் போகட்டும்.

திங்கட்கிழமை மத்தியானம் மாமரத்தடியில் பெண்களைக் கூட்டிப் பாடிப் பார்க்கப் போகிறோம். வளைவைத் திரும்ப வைத்திருக்கிறேன். அதற்குப் பின்னால் மூச்சு விட இடமும் விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் என்ன பாடவேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தரப் போவதில்லை.